அம்மா என்ன சொல்லுதா

"அம்மாவைப் பாத்துப் பேசுங்க சார். என்னையப் பாக்காதீங்க" என்றாள் ஸ்டெபி.

தலைமை ஆசிரியர் அருமைநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மாவுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. பாத்து என்ன செய்ய?"

"கண்ணு தெரியும்லா சார். யாரு யார்ட்ட பேசுதாங்கன்னு கண்ணுக்குத் தெரியும். உங்க பிள்ளையப் பத்தி என்ட்டயே பேசிக்கிட்டு இருந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம்போல இஞ்ஞாசியம்மாள் பக்கம் திருப்பினார். இஞ்ஞாசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். முள்ளோ கிளிஞ்சலோ ஏறியிருக்கும் என்று ஸ்டெபி நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி, கேட்கவில்லை. அம்மாவின் நாற்காலியை ஒட்டி மகள் பிரிஸ்கா நின்றாள். ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளை. வாயில்லாத அம்மாவுக்கு அவள்தான் வாய்.

தூத்துக்குடியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஸ்டெபியின் அலுவலகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் துணையாகப் போய் நிற்பதுதான் அவள் பார்க்கும் வேலை. சான்றிதழ் கிடைக்காத பிள்ளை, வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிய பிள்ளை, நடக்க முடியாததால் வீட்டோடு கிடக்கும் பிள்ளை என்று யாருக்காவது பேச வேண்டுமென்றால் அவளுக்குப் போன் வரும். கீழவைப்பாருக்கும் வேம்பாருக்கும் நடுவில் இருக்கும் கரை ஊர்களில் அவளுக்குப் 'பள்ளிக்கூட வக்கீலு' என்று பேர். "கறுப்புக் கோட்டு எங்கேளா, சலவைக்குப் போட்டுட்டியா?" என்று வலை பின்னுகிற கிழவர்கள் கேலி பேசுவார்கள். "மீன் நாத்தம் போகலன்னு சலவைக்காரன் திருப்பிக் குடுத்துட்டான் மாமா" என்பாள் அவள். அவளும் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் முதல் நாற்காலி தாய்க்கு. அலசுகிறதெல்லாம் அலசலாம், சண்டை போடலாம், மேசையைத் தட்டலாம். ஆனால் கடைசிச் சொல் பெற்றவர்களுடையது. அது விழுந்தபிறகு வாத்தியார் பேசக்கூடாது, அதிகாரி பேசக்கூடாது, ஸ்டெபியும் பேசக்கூடாது. சுவரோரமாக நின்றுவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே கைநாட்டு வைத்துவிட்டுப் போன எத்தனையோ தாய்மாரைப் பார்த்துத்தான் அந்த வழக்கத்தை உண்டாக்கினாள். அதில் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அன்றைக்கு வழக்கு இதுதான். பத்தாம் வகுப்பில் எல்லாரும் தேற வேண்டும் என்று பள்ளிக்கு மேலேயிருந்து நெருக்கடி. சந்தேகமான பிள்ளைகளை ஒன்பதோடு டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் தலைவலி இல்லை. டிசியில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதிவிடலாம். பிரிஸ்கா பாதி நாள் வரவில்லை, வந்த நாளிலும் முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். அதனால் அந்த வரிசையில் அவள் பேரும் இருந்தது.

"பிள்ளைக்கு மூளை இல்லைன்னு சொல்லுதியளா?"

"அப்பிடி நான் சொல்லலை. கணக்குல கெட்டிக்காரி. வந்தாத்தானே?"

"அவ அப்பா ஜெரால்டு மாரடைப்புல போயி வருசம் மூணாச்சு. அதுவரைக்கும் இஞ்ஞாசி விக்கதுக்கு மீன் எடுக்கிற ஏலத்துல அவருதான் கூட நின்னு பேசுவாரு. இப்ப இந்தப் பிள்ள நிக்கி. காலையில ஏலம் முடிஞ்சு ஓடி வாரா. அவளுக்கு நீங்க குடுக்கிற பரிசு டிசியா?"

"எல்லார் வீட்டுலயும் ஒரு கஷ்டம் இருக்கத்தாம்மா செய்யும்."

"இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் அரசாங்கப் பள்ளிக்கூடம்னு ஒண்ணு வச்சிருக்காங்க."

அருமைநாயகம் கெட்டவர் இல்லை. இடுக்கில் மாட்டிக்கொண்ட மனிதர். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, வரட்டும். பத்தாவதுல உக்காரட்டும். ஆனா ஒண்ணு. முதல் மணிக்கு பிள்ள வகுப்புல இருக்கணும். ஏலம் கீலம்னு சொல்லக் கூடாது. சாயங்காலம் தனி வகுப்புக்கும் நிக்கணும். அம்மா சம்மதிச்சா எனக்கும் சம்மதம்" என்றார்.

ஸ்டெபிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஜெயித்தாயிற்று. இனி ஒரு தலையசைப்புத்தான் பாக்கி.

"பிரிஸ்கா, சாரு சொன்னத அப்பிடியே அம்மாட்ட சொல்லு."

வேறு யாரைக் கொண்டும் சொல்ல முடியாது. அதையும் ஸ்டெபி பார்த்துவிட்டிருந்தாள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஜெயபிரியா டீச்சரை ஒருதரம் கூட்டிக்கொண்டு வந்தாள். அரைமணிநேரம் இஞ்ஞாசியோடு கையை ஆட்டிப் பார்த்துவிட்டு அந்த டீச்சர் சொன்னாள்: "இது நாங்க படிச்ச சைகை இல்ல ஸ்டெபி. இவிய பள்ளிக்கூடமே போனதில்ல. இது இவிய மூணு பேருமா வீட்டுக்குள்ள உண்டாக்குன பேச்சு. அதுல ஒரு ஆளு போயாச்சு. இனி உலகத்துல இது தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான்."

பிரிஸ்கா அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். கைகளைத் தூக்கினாள். தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதுபோல ஒன்று. சாரைக் காட்டினாள். ஸ்டெபியைக் காட்டினாள். அப்புறம் விரல்கள் ஏதேதோ செய்தன, கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இஞ்ஞாசியின் முகம் மெல்ல மெல்ல இறங்கிற்று. கையை விரித்து ஏதோ கேட்டாள். பிரிஸ்கா மறுபடி ஸ்டெபியைக் காட்டினாள். இஞ்ஞாசி திரும்பி ஸ்டெபியைப் பார்த்தாள். கண் இமைக்காத பார்வை. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று ஸ்டெபிக்குத் தெரியவில்லை. சும்மா சிரித்து வைத்தாள்.

"அம்மா என்ன சொல்லுதா?"

"வேண்டாம்னு சொல்லுதா" என்றாள் பிரிஸ்கா.

"என்னளா?"

"படிச்சது போதுமாம். ஏலத்துக்கு ஆள் வேணுமாம். டிசி வாங்கிக்கிடச் சொல்லுதா."

"இன்னொரு தரம் கேளு."

"கேட்டாச்சுக்கா. அதேதான் சொல்லுவா."

ஸ்டெபி வாயைத் திறந்தாள். அருமைநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார். கேலியாகக்கூட அல்ல, கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்: "நீங்கதானம்மா சொன்னிய, கடைசிச் சொல்லு பெத்தவளுக்குத்தான்னு. அதுக்கு மேல நீங்களும் பேசக் கூடாதுன்னு."

மைப்பெட்டி வந்தது. இஞ்ஞாசி பெருவிரலைக் கொடுத்தாள். காகிதத்தில் அழுத்தும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். வெட்கம் வந்திருக்கிறது, வரட்டும் என்று நினைத்தாள் ஸ்டெபி. அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். பஸ் ஏறும்வரை தாயிடமும் பேசவில்லை, மகளிடமும் பேசவில்லை.

"வெளிய உள்ளவன் தடுத்தா சண்டை போடலாம்" என்று மறுநாள் ஜெயபிரியாவிடம் போனில் புலம்பினாள். "பெத்தவளே தடுத்தா யார்ட்ட போய் நிக்க?"

"அவ படுத பாட்டையும் யோசிக்கணும்லா?"

"எவ பாடு பெரிசு? நாளைக்கு இந்தப் பிள்ளையும் மீன்கூடை தூக்கணுமா?"

வேறு பிள்ளைகளின் காரியமாக வாரத்துக்கு ஒரு நாள் அந்த ஊருக்கு ஸ்டெபி போகவேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் இஞ்ஞாசி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். கையில் ஒரு பை, பையில் மீன். ஒருநாள் கணவாய், ஒருநாள் நண்டு. மகள் இல்லாமல் தனியாகத்தான் வருவாள், காலைத் தாங்கித் தாங்கி. பையை ஸ்டெபி கையில் வைத்துவிட்டு, தோளின் இரண்டு பக்கமும் விரலால் கீழ்நோக்கிக் கோடு போடுவாள், ரெட்டைச் சடை மாதிரி. பிறகு விரித்த கையோடு நிற்பாள்.

சமாதானம் பண்ண வாரா, என்று ஸ்டெபி நினைத்தாள். முதல் நாள் "சரி, சரி" என்று தலையை ஆட்டி மீனை வாங்கிக்கொண்டாள். அடுத்த தரம் வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? மகளுக்கு ஆக்கிப் போடு" என்று காது கேளாதவளிடம் கோபமாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பின்னாலேயே அந்தத் தாங்கல் நடை கொஞ்ச தூரம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

மழை இல்லாத, காற்று மண்ணை வாரி அடிக்கிற ஒரு நாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக ஸ்டெபி நிழலில் உட்கார்ந்திருந்தாள். இஞ்ஞாசி வந்தாள். இந்தமுறை மீன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டெபி மடியில் வைத்தாள். துவைத்து மடித்த பள்ளிச் சீருடை. பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளம் விட்டுத் தைத்திருந்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள் அல்லவா. புது ரிப்பன் ஒரு ஜோடி. வெந்நீர்ச் செம்பை வைத்துத் தேய்த்த சட்டையில் வட்டவட்டமாக மடிப்பு நின்றது.

வைத்துவிட்டு ஸ்டெபியின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தாள். கெஞ்சுகிற பிடி. அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ஸ்டெபி பாவாடையை மறுபடி விரித்துப் பார்த்தாள். படிப்பு வேண்டாம் என்று சொன்ன தாய் பாவாடைக்கு மடிப்புப் பிரிப்பாளா?

பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் ஏறவில்லை. துணியையும் ரிப்பனையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். தூத்துக்குடிக்குப் போன் போட்டு நாளைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஊரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி குசினியிலிருந்து தலையை நீட்டி, "என்னளா, வக்கீலம்மா முகம் செத்துக் கிடக்கு?" என்றாள்.

மறுநாள் வெளுக்கும்போது கரைக்குப் போனாள். வள்ளங்கள் வந்து சேர்ந்திருந்தன. ஏலம் கூடிவிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து பிரிஸ்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"அண்ணாச்சி, காரல் நேத்தையது. கண்ணைப் பாருங்க, கலங்கிக் கிடக்கு. என் அம்மாட்ட தள்ளிவிடலாம்னு பாக்காதிய."

"உன் அம்மைக்கு வாயில்ல, உனக்கு ரெண்டு வாயி" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

ஸ்டெபி அவள் கையைப் பிடித்து வள்ளத்தின் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அன்னைக்கு அம்மாட்ட என்ன சொன்ன?"

பிரிஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எதுக்குக்கா இப்ப?"

"உன் அம்மா துணிமணிய எடுத்துட்டு வந்து என் தாடையைப் பிடிக்கா. என்ன சொன்ன?"

"பள்ளிக்கூடத்துல இடம் இல்லைன்னு."

"அப்புறம்?"

"நீங்களும் வேண்டாம்னு சொல்லிட்டியன்னு."

"நானா?"

"சாரு சொன்னாருன்னா அம்மா நம்ப மாட்டா. ஸ்டெபி அக்கா பேசும்னு சொல்லுவா. நீங்க சொன்னியன்னாத்தான் நம்புவா." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அதான் உங்களையும் சேத்துக்கிட்டேன்."

ஸ்டெபி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த இமைக்காத பார்வை திரும்ப வந்தது. அதைப் பார்த்துத் தான் சிரித்து வைத்ததும் நினைவுக்கு வந்தது.

"ஏன்ளா? ஏன் அப்பிடிச் செஞ்ச?"

"அம்மா காலைப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"என்னன்னு கேட்டியளா?"

ஸ்டெபி தலையைக் குனிந்தாள்.

"முழுப் பரீட்சைக்கு நான் போன அன்னைக்கு நடந்தது. அம்மா குனிஞ்சு நண்டு பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கா. ஐஸ் லாரி பின்னால வந்திருக்கு. எல்லாரும் கத்துனாங்களாம். தொண்டை கிழியக் கத்துனாங்களாம். கத்துனா எங்க அம்மாவுக்கு எப்பிடிக்கா கேக்கும்? சக்கரம் காலு மேல ஏறிப் போச்சு. நான் கணக்குப் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தேன். நல்லா எழுதுனேன். சிரிச்சுக்கிட்டே வெளிய வாரேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயாச்சுங்காவ."

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லா. வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்."

"என்ன ஏற்பாடு? தினம் காலையில நீங்க வந்து நிப்பியளா?"

கேட்டுவிட்டு அவளே, "கோவிச்சுக்கிடாதிய" என்றாள். "அம்மாட்ட நெசத்தச் சொன்னா என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். காலு போனா போகட்டும், நீ போன்னு தள்ளிவிடுவா. அவளுக்குப் பள்ளிக்கூடம்னா மாதா கோயில் மாதிரி. நீங்களும் போன்னுதான் சொல்லுவிய. சாரு கூட அன்னைக்குச் சரின்னுட்டாரு. எல்லாருமாச் சேந்து என்னைய வகுப்புல உக்கார வச்சிருவிய. அங்கன உக்காந்துக்கிட்டு நான் லாரிச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்கணும். அதான் ஒருத்தரும் எதும் சொல்ல முடியாதபடி அம்மாவையே சொல்ல வச்சேன். கடைசிச் சொல்லு அம்மாவுக்குத்தானே? நீங்கதான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்லுவிய."

ஸ்டெபி மறுபடி அவள் கையைப் பிடித்தாள்.

"வா. இப்பவே அம்மாட்ட நெசத்தச் சொல்லு. நான் வேண்டாம்னு சொல்லலைன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் பிரிஸ்கா. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

அதற்குள் மகளைத் தேடிக்கொண்டு இஞ்ஞாசி கூடையோடு அங்கேயே வந்துவிட்டாள். ஸ்டெபியைக் கண்டதும் நின்றாள். ஸ்டெபி தன் பையிலிருந்து சீருடையை எடுத்து உதறி, பிரிஸ்காவின் தோளோடு தோளாக வைத்துக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள், தலையை ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்று. மணி அடித்துக் காட்டினாள். பள்ளி இருக்கும் திசையைக் காட்டினாள். கைகள் மரக்கட்டைபோல் அசைந்தன. பேசியே பிழைத்தவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

இஞ்ஞாசி மகளிடம் கையால் கேட்டாள். பிரிஸ்காவின் கைகள் அக்குளை விட்டு வரவில்லை. மறுபடி கேட்டாள். இந்தமுறை விரல்கள் அவசரமாக அசைந்தன, ஸ்டெபியைக் காட்டி, மணியைக் காட்டி. பிரிஸ்கா மண்ணைப் பார்த்தாள். தாய் அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பிரிஸ்கா அப்போதுதான் கைகளை வெளியே எடுத்தாள், ஏதோ சொல்ல. இஞ்ஞாசி அந்த இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்துச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். வாயைப் பொத்துகிற மாதிரி. பேசாதே. இனி நீ பேசாதே.

அடிக்கவில்லை. மகளைத் திருப்பி நிறுத்தி, ஸ்டெபியின் பையிலிருந்த ரிப்பனை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, அவள் தலையை அவிழ்த்தாள். கரையில், எல்லாரும் பார்க்க, சடை பின்னத் தொடங்கினாள். பிரிஸ்கா தேம்பிக்கொண்டே நின்றாள். கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

ஒரு சடை முடிந்தது. மறு சடைக்கு ரிப்பனை ஸ்டெபி கையில் கொடுத்தாள் இஞ்ஞாசி. மீதியை நீ பார், கூட்டிக்கொண்டு போ என்று கண்ணால் சொன்னாள். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தாங்கித் தாங்கி, ஏலக் கூட்டத்தைப் பார்த்து நடந்தாள். எனக்கு விரல் இருக்கிறது, நான் காட்டிக்கொள்வேன் என்கிற மாதிரி முதுகு நிமிர்ந்திருந்தது.

ஐஸ் ஏற்றிய லாரி பின்பக்கமாக மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆரன் அடித்தது. இஞ்ஞாசி திரும்பவில்லை. மறுபடி அடித்தது. கூட்டத்திலிருந்து நாலைந்து குரல் ஒன்றாக எழும்பிற்று. ஸ்டெபியின் குரலும் அதில் இருந்தது. அத்தனை சத்தத்திலும் இஞ்ஞாசி அதே நடையில் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்டெபி பக்கத்தில் பார்த்தாள். பிரிஸ்கா அங்கே இல்லை. ஒரு சடையும் ஒரு அவிழ்ந்த தலையுமாக மணலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

லாரி ஓர் உலுக்கலோடு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏ யம்மா, ஆரன் அடிக்கது காதுல விழல?"

"அவளுக்குக் கேக்காதுய்யா. போன தடவயே சொன்னோம்லா" என்றாள் ஒரு மீன்காரி.

"போன தடவ வந்தவன் வேலைய விட்டுப் போயிட்டான்க்கா. நான் விளாத்திகுளம். இன்னைக்குத்தான் வாரேன்."

பிரிஸ்கா அம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாகத் திருப்பினாள். இஞ்ஞாசி அவள் கையைத் தட்டிவிட்டாள், பள்ளி இருக்கும் பக்கம் விரலை நீட்டினாள். பிரிஸ்கா மறுபடி கையை வைத்தாள். மறுபடி தட்டிவிட்டாள். மூன்றாம் தரம் வைத்த கையைத் தட்டவில்லை. முகத்தை மட்டும் கடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

ஏலக்காரர் அடுத்த கூடையைத் தூக்கிப் போட்டார். கொஞ்சநேரம் கழித்துப் பிரிஸ்காவின் குரல் கேட்டது. முதலில் கம்மலாக, அப்புறம் கணீரென்று.

முதல் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டெபி கூப்பிடவில்லை. ரிப்பனை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வள்ளத்தருகிலேயே நின்றாள்.

"என்ன வக்கீலம்மா" என்று வலை பின்னுகிற கிழவர் ஒருவர் கேட்டார், "இன்னைக்கு யாருக்குப் பேச வந்திய?"